காசநோய் மருந்தும் தோலும்: விசுவமடுவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, வயல் செய்கிறவர். சளியில் காசநோய் என்று கண்டு மருந்து தொடங்கி இது நான்காவது கிழமை. மூன்று நாளாக உடம்பெல்லாம் கடி. நேற்றிலிருந்து நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, வாய் புண்படவில்லை. "கசக் குளிசை தோலை உரிச்சுப் போடும், உடன நிப்பாட்டு" என்று அயலில் சொல்ல, அப்பா பயந்துபோய்த் தானாகவே பாதி அளவாகக் குறைத்துவிட்டார். நிறுத்துவதா, தொடர்வதா, பாதி குடிப்பது சரியா, வேப்பிலை அரைத்துப் பூசலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். நாளைக் காலைக் குளிசையைக் கொடுக்காதீர்கள். அப்பாவையும், குளிசைகளையும், கிளினிக் அட்டையையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே மார்புநோய் கிளினிக்குக்குப் போங்கள். கிளிநொச்சிக்குப் போக வசதி இல்லையென்றால் தருமபுரம் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அங்கிருந்து கிளினிக்கோடு கதைப்பார்கள். வெறும் கடி மட்டும் என்றால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். தடிப்பும் சேர்ந்துவிட்டதால், அடுத்த குளிசையைக் குடிப்பதா இல்லையா என்பதை வைத்தியர் தோலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்றிரவுக்குள் காய்ச்சல் வந்தாலோ, கண் சிவந்தாலோ, வாய் புண்பட்டாலோ, முகம் வீங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அயலவர் சொன்னது முழுப் பொய் இல்லை. காசநோய் மருந்தால் தோல் உரிந்து உயிர் போகும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால் அது அரிது. காசநோய் மருந்தை இடையில் விட்டவருக்கு நோய் திரும்பி வருவது அரிதல்ல. வன்னி ஆஸ்பத்திரிகளில் நீண்ட காலம் மருந்து கொடுக்கும் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடிக்குப் பயந்து மருந்தை மறைத்து வைத்தவர்களும் உண்டு, கண் வாய் எல்லாம் புண்ணாகிய பிறகும் "முழுசாக் குடிக்கச் சொன்னவை" என்று குளிசையை விழுங்கிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் மருந்து தொடங்கிய அன்றே தோலைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சொல்வதற்கு மறப்பதில்லை. அதே மூச்சில் தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அப்பா குடிக்கும் குளிசை ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு மருந்து இருக்கிறது: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டோல். முதல் இரண்டு மாதம் இந்த நான்கும், அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டும். நிறையைப் பார்த்து எத்தனை குளிசை என்று தீர்மானிப்பார்கள். 40 முதல் 54 கிலோ என்றால் நாளுக்கு மூன்று. இந்த நான்கில் எதுவும் தோலைத் தாக்கலாம். தடிப்பின் தோற்றத்தைப் பார்த்து "இது இன்ன மருந்தின் வேலை" என்று எவராலும் சொல்ல முடியாது. இது பின்னால் முக்கியமாக வரும்.

தடிப்பே இல்லாமல் வெறும் கடி வருவது மிகச் சாதாரணம். தொடங்கிய முதல் கிழமைகளில் வரும், பிரிட்டோன் போன்ற ஒரு கடிக் குளிசையோடு அடங்கும், காசநோய் மருந்தை நிறுத்தத் தேவையில்லை. தோல் காய்ந்து போனவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினாலே பாதி குறையும். முகத்தில் பரு மாதிரி வந்தால் அது பெரும்பாலும் ஐசோனியசிட்டின் வேலை. அழகைக் கெடுக்கும், ஆளைக் கெடுக்காது.

இன்னொரு சிவப்பு இருக்கிறது, எங்கள் கரையோரச் சனத்துக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிசை குடிக்கும் ஒருவர் மத்தியானம் சூரை மீன் குழம்போடு சாப்பிடுகிறார். அரை மணி, ஒரு மணி நேரத்தில் முகம் கழுத்தெல்லாம் குப்பென்று சிவக்கிறது, தலை இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கண் சிவக்கிறது, உடம்பு கடிக்கிறது. வீடே கலங்கிப்போகும். இது மருந்து ஒவ்வாமை அல்ல. சூரை போன்ற மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. காய்ச்சினாலும் பொரித்தாலும் அது அழியாது. சாதாரண ஆளின் உடம்பு அதை உடைத்துவிடும், ஆனால் ஐசோனியசிட் அந்த உடைக்கும் நொதியைத் தடுத்து வைக்கிறது. ஒரே சட்டியில் சாப்பிட்ட மற்ற எல்லோரும் சுகமாக இருக்க, குளிசை குடிக்கிறவர் மட்டும் சிவந்துபோவது அதனால்தான். இதை 1970களில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் எங்கள் நாட்டு மார்புநோய் வைத்தியர் சி. ஜி. உரகொட. சில மணி நேரத்தில் தானாக அடங்கும், கடிக் குளிசை கொடுத்தால் இன்னும் கெதியாக அடங்கும். மூச்சு இழுத்தாலோ தலை சுற்றி விழுந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி மருந்தை நிறுத்தத் தேவையில்லை, மருந்து முடியும்வரை சூரையை விட்டுவிட்டால் போதும். அளம்பில், கொக்கிளாய்ப் பக்கத்து ஆட்கள் இதைக் கேட்டால், "அப்ப மீனே தின்னக் கூடாதோ" என்பார்கள். தின்னலாம். வேறு மீனை அன்றன்றே பிடித்ததாக வாங்கித் தின்னுங்கள். காசநோயில் மெலிந்த உடம்புக்கு மீன் தேவை.

வயலிலும் தோட்டத்திலும் வெயிலில் நிற்கிறவர்களுக்கு வேறொன்று வரும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலவும், புறங்கையிலும், வெயில் படும் இடங்களில் மட்டும் தோல் கறுத்து, தடித்து, செதிள் செதிளாக உரியும். இது கிருமிநாசினி அடித்ததால் வந்ததென்று பலர் நினைப்பார்கள். உண்மையில் நியாசின் என்ற விற்றமின் குறைவதால் வருவது, பெலாக்ரா என்பார்கள். ஐசோனியசிட் அந்த விற்றமின் உடம்பில் உருவாவதைக் குறைக்கிறது. ஏற்கெனவே சாப்பாடு போதாதவருக்கும் கள்ளும் கசிப்பும் தினமும் குடிக்கிறவருக்கும் அது வெளிப்பட்டுத் தெரியும். கூடவே வயிற்றோட்டமும் மனக் குழப்பமும் வரலாம். விற்றமினைக் கொடுத்தால் அழகாக மாறிவிடும். உங்கள் அப்பாவுக்கு நெஞ்சும் முதுகும் என்று எழுதியிருப்பதால் இது அதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் குடிக்கிறவரா என்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். ஈரலைப் பார்ப்பதற்கும் அது தேவை.

தடிப்பு என்று நினைக்கும் எல்லாம் தடிப்பும் அல்ல. குண்டூசி முனை அளவு சிவப்பு, ஊதாப் புள்ளிகள் காலில் வந்து, விரலால் அழுத்தினாலும் மறையாமல் நின்றால் அது தோலுக்குள் கசிந்த இரத்தம். ரிஃபாம்பிசின் சிலரில் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளை அழித்துவிடும். பல் முரசில் இரத்தம், மூக்கில் இரத்தம் கூட வரலாம். அன்றே இரத்தம் பரிசோதிக்க வேண்டும், அப்படி நடந்தவருக்கு வாழ்நாளில் திரும்ப ரிஃபாம்பிசின் கொடுக்கக் கூடாது. நிறமில்லாத ஒரு கண்ணாடித் தம்ளரைப் புள்ளியின்மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் போனால் அது இரத்தக் கசிவல்ல, போகாவிட்டால் ஓடுங்கள்.

இனி உண்மையாகவே பயப்பட வேண்டியவை. இரண்டு விதம் இருக்கிறது.

ஒன்று, ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய். 1922இல் அமெரிக்க வைத்தியர்கள் இருவர் இரண்டு சிறுவரில் கண்டு எழுதியதால் அந்தப் பெயர். பெரும்பாலும் மருந்து தொடங்கி நான்கு நாளிலிருந்து நான்கு கிழமைக்குள் வரும். முதலில் தடிமன் காய்ச்சல் போலத் தொடங்கும், தொண்டை நோகும், கண் எரியும். பிறகு தோல் சிவக்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால் அது கடிப்பதைவிட நோகும். சாதாரணத் தடிப்பைச் சொறிய மனம் வரும், இதைத் தொடவே விடமாட்டார். சிவப்பின் நடுப்பகுதி கறுத்து, பொக்களம் எழும்பி, விரலால் இலேசாகத் தேய்த்தாலே மேல்தோல் கழன்று வரும். உதடும் வாயும் வெந்து இரத்தம் கசியும், கண் ஒட்டிக்கொள்ளும், மூத்திரம் போகும் இடமும் புண்படும். உடம்பின் தோலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகக் கழன்றால் இந்தப் பெயர். முப்பது சதவீதத்தைத் தாண்டினால் நச்சு மேல்தோல் சிதைவு என்று வேறு பெயர். முதலாவதில் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர்வரை இறக்கிறார்கள். இரண்டாவதில் மூன்றில் ஒருவர் அளவில். தோல் போனவர் பெரிய தீக்காயம் பட்டவரைப் போலத்தான்: நீர் கசிந்து போகும், உடம்புச் சூடு இறங்கும், கிருமி உள்ளே போகும்.

மற்றது சற்றுப் பிந்தி வரும், இரண்டு முதல் எட்டுக் கிழமைக்குள். வைத்தியர்கள் இதை டிரெஸ் என்பார்கள். கடும் காய்ச்சல், முகம் ஊதிப்போதல், உடம்பு முழுக்கச் சிவப்பு, கழுத்தில் நெறிகட்டுதல், இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடுதல், ஈரலும் சிறுநீரகமும் பழுதுபடுதல். இதில் வாய் புண்படாமலேயே ஆள் கடுமையான நிலைக்குப் போகலாம். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் தோல் உரியவில்லை என்று ஆறுதல்படக் கூடாது. உங்கள் அப்பா நான்காவது கிழமையில் நிற்கிறார், இரண்டுக்கும் உரிய காலம் இது. அதனால்தான் நாளைக்கே போகச் சொல்கிறேன், அவருக்கு இவற்றில் ஒன்று வந்துவிட்டது என்பதற்காக அல்ல. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது சாதாரண மருந்துத் தடிப்பாக இருக்கவே வாய்ப்புக் கூட.

எங்கள் ஊரில் ஒரு விஷயம் என்னை எப்போதும் பயமுறுத்தும். காய்ச்சலோடு பொக்களம் எழும்பினால் "அம்மாள் வந்திருக்கிறா" என்று வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரி மருந்தைத் தொடாமல் ஆளை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அம்மாளை நம்புவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டே ஆஸ்பத்திரிக்கு வரலாம். ஆனால் கொப்புளிப்பானில் பொக்களங்கள் தனித்தனியாக, புதிதும் பழையதுமாகக் கலந்து நிற்கும், கடிக்கும். மருந்தால் வருவது ஒன்றோடொன்று சேர்ந்து பாளமாகக் கழலும், நோகும், கண்ணையும் வாயையும் சேர்த்துப் பிடிக்கும். கடைசி இரண்டு மாதத்துக்குள் ஏதாவது புது மருந்து தொடங்கியவருக்குப் பொக்களம் வந்தால், அம்மாளா மருந்தா என்று வீட்டில் இருந்து தீர்மானிக்கவே கூடாது.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாமா என்று கேட்டீர்கள். உடையாத தோலில் பூசினால் பெரிய கேடு இல்லை, ஆனால் வைத்தியர் தோலின் நிறத்தைப் பார்க்க முடியாமல் போகும், ஆகவே நாளைவரை ஒன்றும் பூசாதீர்கள். தோல் கழன்ற இடத்தில் எதையும் பூசக் கூடாது. அப்படிப்பட்ட ஆளைக் கொண்டுபோகும்போது சுத்தமான துணியில் படுக்க வையுங்கள். கழுவித் துடைத்த வாழையிலையும் நல்லது, தோல் ஒட்டாது. இந்தியாவில் தீக்காய வார்டுகளில் அதைப் பாவிக்கிறார்கள். குடிக்க முடிந்தால் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ மாற்றினால் மறுக்காதீர்கள். இன்னொன்று: கண் ஒட்டத் தொடங்கியவரை முதல் ஓரிரு நாளுக்குள் கண் வைத்தியர் பார்க்கும்படி நீங்களாகவே கேளுங்கள். இந்த நோயிலிருந்து பிழைத்தவர்கள் பலருக்குத் தோல் திரும்ப வளர்ந்துவிடுகிறது, கண்தான் நிரந்தரமாகக் காய்ந்து, பார்வை மங்கிப் போகிறது.

பாதிக் குளிசை கதைக்கு வருகிறேன். இந்தத் தடிப்பு மருந்தின் விஷம் கூடிப்போவதால் வரும் வருத்தம் அல்ல. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் மருந்தைப் பகையாக அடையாளம் கண்டு, அந்தச் சண்டையில் தன் தோலையே தாக்குகின்றன. அடையாளம் கண்டுவிட்டால் கால் குளிசையும் முழுக் குளிசையும் ஒன்றுதான். மாறாகப் பாதி மருந்தில் காசநோய்க் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பழகிய கிருமிக்கு வைத்தியம் இன்னும் கடினமான மருந்துகளோடு நடக்கும். குடித்தால் முழு அளவு, நிறுத்தினால் வைத்தியர் சொல்லி முழு நிறுத்தம். நடுவில் ஒன்றும் இல்லை.

வைத்தியர் நிறுத்தச் சொன்னால் நான்கையும் சேர்த்துத்தான் நிறுத்துவார், ஏனென்றால் எது குற்றவாளி என்று தெரியாது. அப்பா ஏற்கெனவே மூன்று கிழமைக்கு மேல் குடித்துவிட்டார். சில நாள் நிற்பதால் அந்தப் பலன் கெட்டுப்போகாது. காசநோய் கடுமையாக இருந்தால் அந்த இடைவெளிக்கு வேறு இரண்டு மூன்று மருந்தைப் பிடித்து வைப்பார்கள். தடிப்பு முழுதாக அடங்கி, ஈரல் பரிசோதனையும் சரியான பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குளிசையில் திரும்பத் தொடங்குவார்கள். வழக்கமாக ஐசோனியசிட் முதலில், முழு அளவு 300 மில்லிகிராம் என்றாலும் தொடக்கம் 50இல். ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் முழு அளவுக்கு ஏற்றி, பிறகு ரிஃபாம்பிசினை 75இல் தொடங்குவார்கள். எந்த மருந்தில் கடியும் சிவப்பும் திரும்புகிறதோ அதுதான் ஆள். அதை விட்டுவிட்டு மற்றவற்றோடு வைத்தியத்தை முடிக்கலாம். பைரசினமைட் விலக்கப்பட்டால் ஆறு மாதம் ஒன்பது மாதமாகும். ரிஃபாம்பிசின் விலக்கப்பட்டால் ஒரு வருடத்தைத் தாண்டலாம். பெரிய தாக்கம் வந்து தோல் கழன்றவருக்கு இந்தப் பரீட்சையைச் செய்வதா, சந்தேகப்பட்ட மருந்தைத் தொடாமலே வேறு மருந்துகளுக்குப் போவதா என்பது நிபுணர்கள் கூடி எடுக்கும் முடிவு. எப்படியும் இதை வீட்டில் "ஒண்டு குடிச்சுப் பாப்பம்" என்று செய்யக் கூடாது. இரண்டாவது தாக்கம் முதலாவதைவிடக் கெதியாகவும் கடுமையாகவும் வரும், முதல் குளிசைக்கே வரலாம். வார்டில் ஒன்றிரண்டு கிழமை மறிப்பார்கள் என்றால் தயவுசெய்து நில்லுங்கள். வயல் வெட்டு வருகிறது, வீட்டில் ஆளில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்களைப் பற்றி நினைத்தால் இன்றும் மனம் நோகும்.

காசநோய்க் குளிசையை மட்டும் குற்றவாளியாக்கவும் முடியாது. தோலைக் கழற்றும் மருந்துகளில் முன்வரிசையில் நிற்பவை வேறு: யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல், வலிப்புக்கான கார்பமசெப்பின், பெனிட்டோயின், கிருமிக்கொல்லியான கோட்ரிமொக்சசோல். வன்னியில் ஷெல் காயத்துக்குப் பிறகு வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கார்பமசெப்பின் தொடங்கியவர்கள் எத்தனை பேர். அலோபியூரினோலின் கதை இன்னும் வேதனையானது. பைரசினமைட் உடம்பில் யூரிக் அமிலத்தைக் கூட்டும், முழங்கால் கணுக்கால் நோகும். ஒருவர் அதற்குத் தனியார் இடத்தில் இரத்தம் சோதித்து, யூரிக் அமிலம் கூட என்று கண்டு, அலோபியூரினோல் வாங்கிக் குடிக்கத் தொடங்குவார். பைரசினமைட்டால் வந்த நோவுக்கு அது உதவுவதே இல்லை, தேவையில்லாத ஒரு பெரிய ஆபத்தைத்தான் கூட்டிக் கொண்டுவரும். மூட்டு நோவை மார்புநோய் கிளினிக்கிலேயே சொன்னால் சாதாரண நோக் குளிசையோடு சமாளிப்பார்கள். அப்பா கடைசி இரண்டு மாதத்தில் பாமசியிலும் பரியாரியிடமும் வாங்கிய எல்லாவற்றின் உறைகளையும் ஒரு பையில் போட்டு நாளைக்குக் கொண்டுபோங்கள்.

முந்தி எப்போதாவது அவருக்குக் காசநோய் மருந்தோ ஊசியோ போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். 2009க்கு முன் மருந்து குடித்த பலரின் கொப்பிகள் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டன. அப்போது ஒரு தடிப்பு வந்திருந்தால் அது இன்று எந்தக் கடதாசியிலும் இல்லை, அவருடைய ஞாபகத்திலும் உங்கள் அம்மாவின் ஞாபகத்திலும் மட்டும்தான் இருக்கும். அதே காரணத்துக்காக, இந்த முறை எந்த மருந்து ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அதைச் சிவப்பு மையில் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள், கைத்தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொன்னால் அப்பா கோபப்படலாம். காசநோய் வந்த எல்லோருக்கும் அதைச் செய்வது வழக்கம், நடத்தையைச் சந்தேகித்து அல்ல. அந்தத் தொற்று இருப்பவர்களில் மருந்துத் தோல் தாக்கங்கள் பல மடங்கு கூட. தயாசெட்டசோன் என்ற மலிவான பழைய காசநோய் மருந்து ஆப்பிரிக்காவில் அப்படிப் பலரின் தோலைக் கழற்றி உயிரையும் எடுத்த பிறகுதான் 1990களின் தொடக்கத்தில் அவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நாளைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதிலும் ஐசோனியசிட்தான் இருக்கும், அப்பாவுக்குத் தடிப்பு வந்ததால் பேரப்பிள்ளைக்கும் வரும் என்றில்லை. ஆனால் அப்பாவுக்கு நடந்ததை மருந்து தரும் தாதி மிஸ்ஸிடம் சொல்லிவிட்டே மருந்தை வாங்குங்கள்.